ஸொய்ங்ங்... பான் ஸெயோ! (ஒரு வியட்நாம் தோசையின் பூர்வீகம்)

ஆணி அதிகமாப் போனதால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. 'அப்பாடா, தொல்லை விட்டது'ன்னு நிம்மதியா இருந்தவங்க மன்னிக்கவும். இன்னிக்கு ஒரு சாப்பாட்டு சமாச்சாரத்தோட வந்திருக்கேன். ஆனா இது சமையல் குறிப்பு இல்லீங்க. ஒரு சாப்பாட்டோட பேரைப் பிடிச்சு இழுத்தா அதோட கூடவே என்னென்ன வெளியே வந்து விழுதுங்கிற கதை.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

சான் ஓசேயில் குப்பை கொட்டிய காலத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஒரு வியட்நாமியர். வியட்நாமுக்கு வெளியே வியட்நாமியர்கள் மிக அதிகமாக வாழும் ஊர்களில் சான் ஓசேயும் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். தங்கமணி ஊருக்குப் போயிருந்த நேரம், நான் நாலு நாளாக ரசஞ்சோறில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன், விடுவேனா?

அவருடைய அம்மா சமையலறையில் நின்றிருந்தார். அடுப்பில் ஒரு சின்ன இரும்புச் சட்டி. கரண்டியில் மாவை எடுத்து ஊற்றினார். 'ஸ்ஸ்ஸெயோ...' என்று ஒரு சத்தம். சட்டியைக் கையில் எடுத்து ஒரு சுழற்று சுழற்றினார். ரெண்டு இறால், ஒரு கைப்பிடி முளைப்பயறு போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் மூடியை எடுத்து, ஓரம் மொறுமொறுவென்று சிவந்ததும் பாதியாக மடித்துத் தட்டில் போட்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணி. அட, நம்ம தோசை!

வாயை வைச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். இல்லையே! "அம்மா, இது எங்க ஊர் சாப்பாடு. ஆயிரம் வருஷம் முன்னாடி எங்க சோழர்கள் கப்பல்ல வந்தப்ப உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்று எடுத்துவிட்டேன். நண்பர் சிரிக்காமல் மொழிபெயர்த்தார். அந்த அம்மாவும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியா? உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

பேரு தோசை. அர்த்தம்?

ஊற்றும்போது ஒரு 'சை', திருப்பும்போது ஒரு 'சை', ஆக ரெண்டு சை, இந்தியில் ரெண்டுக்கு 'தோ', அதனால 'தோ-சை' என்ற அரதப்பழசான ஜோக்கைத் தவிர என்னிடம் ஒரு பதிலும் இல்லை. 'ஙே' என்று விழித்தேன். (இந்த 'ஙே' பிற்பாடு மறுபடி வரும். ஞாபகம் வெச்சுக்குங்க.)

அவர் மறுபடி மாவை ஊற்றினார். 'ஸ்ஸெயோ'. காதைத் தொட்டுக் காட்டி, "பான் ஸெயோ" என்றார். "எங்க பேருக்கு அர்த்தம் இதுதான்."

அன்னிக்குப் பட்ட அவமானத்தில் தேட ஆரம்பித்தது. தேடினதில் கிடைத்ததைத்தான் கீழே கொட்டியிருக்கிறேன்.

சத்தமே பேரு

பான் ஸெயோ என்பது ரெண்டு சொல். 'ஸெயோ' என்பதை நான் தமிழில் ரெண்டு அசையாக இழுத்து எழுதியிருக்கிறேனே தவிர, அவர்கள் ஒரே மூச்சில், குரலைக் கீழே இறக்கிச் சொல்லுவார்கள். சூடான எண்ணெயில் ஈரம் பட்டால் வரும் சத்தம் அது. வியட்நாமிய மொழியில் 'ஸெயோ ஸெயோ' என்று இரட்டித்தும் சொல்லுவார்கள். நம்ம ஊர் 'சலசல', 'மொறுமொறு' மாதிரி. பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி படித்தோமே, அதே சங்கதி. நம்ம இலக்கணத்தில் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. அவர்களோ ஒற்றை ஸெயோவை எடுத்து ஒரு பலகாரத்துக்கே பெயராக வைத்துவிட்டார்கள்.

இது வெறும் விளையாட்டுப் பேர் இல்லை. யோசிச்சுப் பாருங்க. தண்ணி மாதிரி கரைத்த அரிசி மாவு சூடான சட்டியில் விழும்போது, மாவிலுள்ள தண்ணீர் சட்டென்று ஆவியாகிப் பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது. அதுதான் சத்தம். ஆவி வெளியேறும் இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள். அதுதான் மொறுமொறுப்பு. சத்தம் வரவில்லை என்றால் சட்டி காயவில்லை என்று அர்த்தம், பலகாரம் சவசவ என்று வரும். ஆக, சமைக்கிறவருக்கான செய்முறைக் குறிப்பு பெயருக்குள்ளேயே இருக்கிறது!

ஊற்றுவதற்கு அவர்கள் சொல்லும் வினைச்சொல் 'டோ'. கொட்டு, ஊற்று என்று பொருள். நாமும் 'தோசை ஊத்து' என்றுதானே சொல்கிறோம்? நாம ஊத்துறோம், சுடுறோம், வார்க்கிறோம், வீட்டுக்கு வீடு ஒரு வினைச்சொல். அவர்களிலும் அப்படித்தான். பொரிப்பதற்கு தெற்கே 'சியென்', வடக்கே 'ரான்' (வடக்கத்தி உச்சரிப்பில் 'ஸான்').

பான் என்றால் என்ன?

இங்கதான் பெரிய தலைவலி. அகராதியில் 'பான்' என்று தேடினால் 'கேக்' என்று போட்டிருக்கும். நம்பாதீங்க.

பான் மீ என்பது ரொட்டி. பான் குவோன் என்பது ஆவியில் வேகவைத்துச் சுருட்டியது. பான் சுங் என்பது புத்தாண்டுக்கு இலையில் கட்டி வேகவைக்கும் சதுரப் பொட்டலம். பான் ட்ராங் என்பது அப்பளம் போல் காயவைத்த மெல்லிய அரிசித் தாள். பான் பெயோ என்பது சின்னக் கிண்ணத்தில் வேகவைத்தது. பெயோ என்றால் குளத்தில் மிதக்கும் பாசி இலை. இதில் கேக் எங்கே இருக்கிறது?

சாப்பாட்டோட நிற்கவும் இல்லை. சோப்புக்கட்டி 'பான் ஸா ஃபோங்'. ('ஸா ஃபோங்' பிரெஞ்சுக்காரன் சோப்புக்குச் சொல்லும் 'ஸாவோன்'தான், ஊர் மாறி வந்திருக்கிறது.) வண்டிச் சக்கரம் 'பான் ஸே'. ஆமாங்க, பான் ஸெயோ பலகாரம், பான் ஸே சக்கரம். வியட்நாம் போய் ஆர்டர் பண்ணும்போது ஜாக்கிரதை :-)

ஆக, கட்டியாகவோ வில்லையாகவோ உருவம் பிடித்து வைத்தது எல்லாம் பான். தின்பண்டம் என்று வந்தால் மாவில் உருவானது கிட்டத்தட்ட எல்லாமே பான்.

தமிழில் இதற்கு நெருக்கமாக ஒரு சொல் சொல்லு என்றால் நான் 'அப்பம்' என்பேன். அப்பம் இருக்கு, ஆப்பம் இருக்கு, இடியப்பம் இருக்கு. மூணும் வேற வேற ஜாதி. கோயிலில் நெய்யில் பொரித்துக் கொடுப்பதும் அப்பம், தேவாலயத்தில் பாதிரியார் கையில் எடுப்பதும் அப்பம். வேடிக்கை என்னவென்றால் வியட்நாமியக் கத்தோலிக்கர்களும் நற்கருணை அப்பத்தை 'பான் தான்', அதாவது புனித பான் என்கிறார்கள். கோதுமை ரொட்டியைக் கொண்டுவந்த மதத்தை, ரெண்டு அரிசிச் சோற்று மொழிகளும் தங்கள் அரிசிப் பலகாரச் சொல்லாலேயே வரவேற்றிருக்கின்றன.

இந்த 'பான்' எங்கிருந்து வந்தது? பிரெஞ்சில் ரொட்டிக்கு 'பேன்' மாதிரி ஒரு உச்சரிப்பு வரும். உடனே 'அதிலிருந்துதான் பான் வந்தது' என்று ஒரு கதை உலாவுகிறது. பான் மீ பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த ரொட்டி என்பதால் இந்தக் கதை நம்பும்படியாகவும் இருக்கும். ஆனா தப்பு. பிரெஞ்சுக்காரர்கள் தூரானில் (இன்றைய டா நாங்) குண்டு போட்டது 1858-ல், சைகோனைப் பிடித்தது 1859-ல். பான் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய சொல். மாவுப் பலகாரத்துக்கான சீனச் சொல்லிலிருந்து வந்தது. அதே சீன எழுத்தைப் படித்தவர் வாசிப்பில் 'பிங்' என்பது போலவும், தெருவிலும் அடுப்படியிலும் 'பான்' என்றும் சொல்கிறார்கள். நம்ம ஊரில் ஒரே வடசொல் 'பக்ஷி' என்றும் 'பட்சி' என்றும் ரெண்டு உருவத்தில் நடமாடவில்லையா, அந்த மாதிரி. கி.மு. 111-லிருந்து கி.பி. 938 வரை வடக்கு வியட்நாம் பெரும்பாலும் சீன ஆட்சியில் இருந்தது. ஆயிரம் வருஷம் ஒருத்தன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் சமையலறைச் சொல் ஒட்டாமலா போகும்?

பிரெஞ்சு ரொட்டி வந்தபோது, இருந்த சொல்லை வைத்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலில் 'பான் தெய்', அதாவது மேற்கத்திய பான். அப்புறம் பான் மீ, அதாவது கோதுமை பான். நாம 'சீமை' சேர்த்து சீமைக் கத்தரிக்காய், சீமை எண்ணெய் என்று வைத்த மாதிரி.

ஙே என்றால் மஞ்சள்!

இப்போ ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன 'ஙே'வுக்கு வருவோம்.

தமிழ் நெடுங்கணக்கில் ஙகர வரிசை ஒரு பாவப்பட்ட வரிசை. ங, ஙா, ஙி என்று சிலேட்டில் எழுதிப் பழகினதோட சரி, அதில் ஆரம்பிக்கிற ஒரு சொல்லை வாழ்க்கையில் பார்த்ததில்லை. ராஜேந்திரகுமார் புண்ணியத்தில் 'ஙே' என்று விழிக்க மட்டும் கத்துக்கிட்டோம். வியட்நாமிலோ ஙகரத்துக்குக் கொண்டாட்டம். பாதி ஊருக்குக் குடும்பப் பெயர் 'ஙுயென்'. இங்கிலீஷ்காரர்கள் இதைச் சொல்ல முடியாமல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. நமக்கு அந்தக் கவலை இல்லை, எழுத்து சும்மா துருப்பிடித்துத்தானே கிடக்கிறது!

பான் ஸெயோவுக்கு நிறம் கொடுக்கும் மஞ்சளுக்கு அவர்கள் மொழியில் பெயர் 'ஙே'. நான் அன்று விழித்த விழி, தெரியாமலே சரியான சொல்லாக இருந்திருக்கிறது.

ஞகரமும் அப்படித்தான். 'பான்' என்று நான் எழுதுவது தெற்கத்தி உச்சரிப்பு. எழுத்துப்படி அது 'பாஞ்'. அந்த ஞகர ஒலிக்கு லத்தீன் எழுத்தில் ரெண்டு எழுத்தைச் சேர்த்து எழுதும் வழக்கம் போர்ச்சுகீசியர்களிடமிருந்து வந்தது. வியட்நாமியம் இன்று லத்தீன் எழுத்தில் எழுதப்படுவதற்குக் காரணம் 17-ம் நூற்றாண்டு பாதிரியார்கள். அவர்களில் பேர் பெற்றவர் அலெக்ஸாண்டர் த ரோட். கோவாவில் ரெண்டு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டு அந்தப் பக்கம் போனவர். அவருடைய வியட்நாமிய-போர்ச்சுகீசிய-லத்தீன் அகராதி 1651-ல் ரோமில் அச்சானது. நம்ம பக்கம் அந்தாவ் த ப்ரோயென்சா என்ற பாதிரியாரின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி 1679-ல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. இடையில் இருபத்தெட்டே வருஷம். ஒரே மாதிரியான ஆட்கள் ரெண்டு ஊரிலும் ஒரே வேலையைப் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாம எழுத்தை மாத்திக்கலை, அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

எழுத்து மாறினாலும் சுரத்தை விடவில்லை. 'மா' என்ற ஒரே அசையை ஆறு சுரத்தில் சொன்னால் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறு பொருள். அம்மாவைக் கூப்பிடப் போய்ப் பேயைக் கூப்பிட்டவர்கள் பட்டியலில் அடியேனும் உண்டு.

நெல், அரிசி, சோறு

இங்கிலீஷில் எல்லாமே 'ரைஸ்'. வயலில் நிற்பதும் ரைஸ், மூட்டையில் இருப்பதும் ரைஸ், தட்டில் இருப்பதும் ரைஸ். நமக்கு அது நெல், அரிசி, சோறு. வியட்நாமியருக்கு 'லுவா', 'காவ்', 'கம்'. அரிசி தின்கிற ஜனங்கள் இப்படித்தான் இருப்பார்கள். எஸ்கிமோவுக்குப் பனி என்றெல்லாம் கதை விடுவார்கள், அவ்வளவு தூரம் போவானேன்?

தேங்காயிலும் பாருங்க. தேங்காய்த் தண்ணி 'நுவொக் யுவா', தேங்காய்ப்பால் 'நுவொக் கோத் யுவா', அதாவது தேங்காயின் சாரத் தண்ணி. தெற்கு வியட்நாமில் பான் ஸெயோ மாவில் இதைத்தான் சேர்க்கிறார்கள்.

இந்த 'நுவொக்' ஒரு அருமையான சொல். தண்ணீர் என்று பொருள். தொட்டுக்கொள்ளும் குழம்பு 'நுவொக் சம்', தொடும் தண்ணி. மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து இறக்கும் சாறு 'நுவொக் மாம்'. இதே நுவொக்குக்கு இன்னொரு பொருள், நாடு! நண்பரின் அம்மா "என் நுவொக்" என்று ஏதோ சொன்னபோது, குழம்பைக் கேட்கிறார் என்று நினைத்துக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். அவர் சொன்னது விட்டுவிட்டு வந்த நாட்டை. 1975-க்கு அப்புறம் படகில் கிளம்பிய குடும்பம் அது. நண்பர் அதை எனக்கு விளக்கியது காரில் திரும்பும்போதுதான். அன்னிக்கு ரெண்டாவது அவமானம்.

வடக்கா, நடுவா, தெற்கா?

சரி, எந்த ஊர் பான் ஸெயோ? இது கேட்கக்கூடாத கேள்வி. 'சாம்பாரில் வெல்லம் போடணுமா'ன்னு தமிழனையும் கன்னடனையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்கிற மாதிரி.

தெற்கே மீகோங் டெல்டாவில் அது பெரிசு. வாணலி முழுக்கப் பரவி, காகிதம் மாதிரி மெல்லிசா, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து பொன் நிறத்தில் இருக்கும். உள்ளே இறால், பன்றி இறைச்சி, வேகவைத்த பாசிப்பருப்பு, முளைப்பயறு. வெள்ளம் வரும் பருவத்தில் அகத்திக்குச் சொந்தக்கார மஞ்சள் பூ ஒன்று அங்கே பூக்கும், அதையும் போடுவார்கள். கூடவே ஒரு கூடை இலை தழை. கடுகு இலை, துளசி வகைகள், மாங்கொழுந்து கூட உண்டு. பான் ஸெயோவைப் பிய்த்து இலையில் சுருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். கையால்! முள்கரண்டி கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

நடுவில், குயி ஞோன் பக்கம் அது சின்னது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. பல இடங்களில் மஞ்சளே கிடையாது, வெள்ளையாக இருக்கும். அங்கே 'துள்ளும் இறால் பான் ஸெயோ' என்று ஒன்று பிரசித்தம். இன்னும் கொஞ்சம் வடக்கே, பழைய தலைநகர் ஹுவேயில் இதன் ஒன்றுவிட்ட தம்பி 'பான் க்வாய்'. க்வாய் என்றால் ஆனந்தம். இல்லை, அது புகையைக் குறிக்கும் 'கோய்' என்ற சொல்லை ஹுவேக்காரர்கள் உச்சரித்த விதம், விறகடுப்புப் புகையில் சுட்டதால் வந்த பேர் என்றும் சொல்வார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள ஈரலும் வேர்க்கடலையும் அரைத்த கெட்டிக் குழம்பு.

நண்பரின் அம்மா குயி ஞோன்காரர். பக்கத்து வீட்டு அம்மா டெல்டாக்காரர். "மஞ்சள் இல்லாததெல்லாம் பான் ஸெயோவா?" என்று அவரும், "தேங்காய்ப்பாலை ஊத்தி இனிப்புப் பண்ணிட்டா பலகாரமா?" என்று இவரும் வருஷக்கணக்கில் சண்டை. ரெண்டு பேரும் சொந்த ஊரை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்த பிறகும் சண்டை தீரவில்லை. ஊர் போனதால்தான் தீரவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அண்டை நாடுகளுக்கும் போயிருக்கிறது. கம்போடியாவில் கிட்டத்தட்ட அதே பேரில் 'பான் சாவ்'. தாய்லாந்தில் 'கனோம் பூவாங் யுவன்'. தாய்லாந்து வழக்குப்படி அது 3-ம் ராமா மன்னர் காலத்தில் (1824-1851) வந்த வியட்நாமியர்கள் கொண்டுவந்தது. இது சரியென்றால், 'பிரெஞ்சு க்ரேப்பைப் பார்த்துப் போட்ட காப்பிதான் பான் ஸெயோ' என்ற இன்னொரு கதையும் அடிபட்டுப் போகும். பாலும் வெண்ணெயும் முட்டையும் கோதுமையும் இல்லாத க்ரேப்பை நான் பார்த்ததும் இல்லை.

அந்த 'யுவன்' இருக்கிறதே, தாய் மொழியில் வியட்நாமியரைக் குறிக்கும் சொல். சாம் கல்வெட்டுகளில் வியட்நாமியரை 'யவன' என்று எழுதியிருக்கிறார்கள். நம்ம சங்க இலக்கியத்து யவனர் ஞாபகம் வருதா? நமக்கு மேற்கே கப்பலில் வந்த கிரேக்க, ரோமானியன் யவனன். அவர்களுக்கு வடக்கிலிருந்து வந்தவன் யவனன். தாய், கெமர் சொற்கள் யவனத்திலிருந்து வந்தனவா, 'வியட்' என்பதன் சீன உருவத்திலிருந்து வந்தனவா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது.

அப்போ, நம்ம பங்கு?

இப்போ நான் அந்த அம்மாவிடம் அடித்த டயலாக்கை எடுத்துக்கொள்வோம்.

அந்தக் கடற்கரை நெடுக ஒரு காலத்தில் இருந்தது சம்பா. சாம் மக்களின் ராஜ்யங்கள். சமஸ்கிருதக் கல்வெட்டு, செங்கல் கோபுரம், உள்ளே சிவலிங்கம். ஊர்ப் பேர்களைப் பாருங்க: அமராவதி, விஜயா, பாண்டுரங்கா. இன்றைய ஃபான் ராங் ஊரின் பேர் பாண்டுரங்கா தேய்ந்தது. ஞா சாங் அருகே வோ கான் என்ற ஊரில் கிடைத்த பழைய கல்வெட்டில் 'ஸ்ரீமாற' என்று ஒரு பேர் வரும். 'இது பாண்டிய மாறனே' என்று சொன்ன அறிஞர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு.

ஃபான் ராங் பக்கம் 'பான் கன்' என்று ஒரு பலகாரம். குழி குழியான மண் சட்டியில் அரிசி மாவை ஊற்றி, மூடி வைத்துச் சுடுவது. செட்டிநாட்டுக்காரர் யாரைக் கூட்டிப்போய்க் காட்டினாலும் "பணியாரம்!" என்று கத்துவார். அந்தப் பக்கத்து பாவ் சுக் கிராமத்தில் சாம் பெண்கள் இன்னமும் சக்கரம் இல்லாமல் மண்பாண்டம் செய்கிறார்கள். பானை நடுவில் நிற்கும், பெண்கள் அதைச் சுற்றி நடப்பார்கள். சாம் மண்பாண்டக் கலையை அவசரமாகக் காக்க வேண்டிய பட்டியலில் 2022-ல் யுனெஸ்கோ சேர்த்தது.

சிவலிங்கம் இருக்கு, பாண்டுரங்கா இருக்கு, பணியாரம் இருக்கு. அப்புறம் என்ன, கேஸ் முடிஞ்சதுன்னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. மின்னஞ்சலில் சுற்றும் 'தமிழன் பெருமை' ஃபார்வர்டு ஒன்று எழுத இதுவே தாராளம்.

ஆனா உட்கார்ந்து யோசிச்சா ஒட்ட மாட்டேங்குது. தோசைக்கு உயிர் உளுந்து. உளுந்தும் புளிப்பும் இல்லாமல் நம்ம வழக்கமான தோசை ஏது? பான் ஸெயோவில் உளுந்தும் இல்லை, மாவைப் புளிக்க வைப்பதும் இல்லை. கரண்டியால் தேய்ப்பதில்லை, சட்டியைச் சுழற்றுகிறார்கள். உறவு தேடினால் தோசையைவிட ஆப்பம்தான் கிட்டே வருகிறது: தேங்காய்ப்பால், சுழற்றும் சட்டி, மூடி. ஆனால் அரிசியும் தென்னையும் இருக்கிற ஊரில், யாரும் சொல்லித்தராமலே அந்த மூணும் சேரலாமே? தாய்லாந்திலும் குழிச்சட்டி இருக்கு, பர்மாவிலும் இருக்கு, ஜப்பானில் கூட இருக்கு. எல்லாத்தையும் காரைக்குடியிலிருந்து கப்பலேற்ற முடியுமா?

உறுதியாகச் சொல்லக்கூடிய நம்ம பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் சைகோனுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள், இன்றும் வியட்நாமியர்கள் அங்கே வந்து கும்பிடுகிறார்கள். நம்ம கறி ஐரோப்பிய வாய்களில் புகுந்து அங்கே போய் 'கா ரி' ஆனது. அதை பான் மீ ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். பதிலுக்கு, சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் புதுச்சேரிக்கு 'நெம்' கொண்டுவந்தன. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஆள் இருக்கு, தேதி இருக்கு. ஆயிரம் வருஷத்துச் சோழர் கப்பல் எதுக்கு?

கொழுக்கட்டைக் கோபுரம்

பிற்பாடு ஒரு வேலையாக வியட்நாம் போனபோது, ரெண்டு நாள் லீவு போட்டு குயி ஞோன் போனேன். அந்த அம்மாவின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு இது.

ஊருக்கு வெளியே ஒரு குன்று. மேலே நாலு செங்கல் கோபுரங்கள். 11, 12-ம் நூற்றாண்டு சாம் கோயில். விஜயா ராஜ்யத்தின் தலைநகர் அந்தப் பக்கம்தான் இருந்தது. 1471-ல் வியட்நாமிய மன்னர் லெ தான் தோங் படையெடுத்து வந்து அந்த நகரைப் பிடித்தார். அத்தோடு விஜயா முடிந்தது. மிச்சமிருந்த பாண்டுரங்காவையும் 1832-ல் மின் மாங் மன்னர் சேர்த்துக்கொண்டார். குன்றின் மேலிருந்த சிவன் சிலை ஒன்று இப்போது பாரிஸில் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோபுரங்களுக்கு என்ன பேர் தெரியுமா? 'பான் இத்'. பான் இத் என்பது இலையில் கட்டி வேகவைக்கும் ஒரு பூரணக் கொழுக்கட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோபுரங்கள் வரிசையாக வைத்த பான் இத் மாதிரி தெரிந்ததாம். அதனால் அந்தப் பேர். சாம் மக்கள் போனபின் வந்து குடியேறியவர்களுக்கு உள்ளே இருந்த சாமியின் பேர் தெரியாது. தெரிந்த பலகாரத்தின் பேரை வைத்தார்கள். அதுவே நின்றுவிட்டது.

குன்றுக்குக் கீழே ஒரு அக்கா (அங்கேயும் கடைக்காரரை அக்கா, அண்ணே, சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும், 'சி ஒய்' என்றால் 'ஏக்கா' என்று அர்த்தம்) சின்னச் சட்டியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளை பான் ஸெயோ. மூணு சாப்பிட்டேன். இதைக் கண்டுபிடித்தது கோபுரம் கட்டியவர்களா, கோபுரத்தைப் பிடித்தவர்களா, ரெண்டு பேருக்கும் பிறந்த பேரப்பிள்ளைகளா? சீனத்துப் 'பான்', வியட்நாமியச் சத்தம் 'ஸெயோ', தெற்கத்திக் கடற்கரையின் தேங்காயும் மஞ்சளும். பேரையும் பண்டத்தையும் வைத்துப் பார்த்தால் பேரப்பிள்ளைகள் என்றுதான் எனக்குப் படுகிறது. சாம் பேர் ஒன்று அதற்கு இருந்திருந்தால், அது கோபுரத்தின் பேரோடு போயிருக்கும்.

திரும்பி வந்து அந்த அம்மாவுக்கு கோபுரத்தின் போட்டோவைக் காட்டினேன். "சின்ன வயசுல அந்தக் குன்றுக்குப் பக்கத்துலதான் எங்க வயல்" என்றார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "தோசைக்கு அர்த்தம் கண்டுபிடிச்சியா?" என்று கேட்டார்.

12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேஸ்வரர் எழுதிய மானசோல்லாசத்தில் 'தோசக' என்று வருகிறது என்று சொன்னேன். "அது பேரு. அர்த்தம்?" என்றார்.

இன்னும் 'ஙே'தான்.

டிஸ்கி: மாவில் கொஞ்சம் பியர் ஊற்றினால் மொறுமொறுப்பு தூக்கலாக வரும் என்று அங்கே பலர் செய்கிறார்கள். எங்க வீட்டில் சோடா ஊற்றி முயற்சி செய்தோம், பரவாயில்லை. சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். சத்தம் வரலைன்னா என்னைத் திட்டாதீங்க, அடுப்பைப் பாருங்க.

பி.கு.: உங்க வீட்டில் தோசையை ஊத்துறீங்களா, சுடுறீங்களா, வார்க்கிறீங்களா? எந்த ஊர்ன்னும் சேர்த்துச் சொல்லிட்டுப் போங்க. அந்த அம்மாவுக்குச் சொல்லணும்.